‘அதுக்கு முன்ன’ டொக்டர்

சத்திரசிகிச்சை வாட்டில் அவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் ‘அதுக்கு முன்ன’. தாய் தகப்பன் வைத்த பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவர் கோபிக்கமாட்டார். ஆனால், “இத ஏன் எழுதின நீங்க மிஸ்?” என்று தொடங்குவார். நான் “சும்மா” என்பேன். “அதுக்கு முன்ன?” என்பார். அந்த வம்பு எனக்கு வேண்டாம்.

நான் அப்போது மட்டக்களப்பில் ஓர் ஆஸ்பத்திரியில் தியேட்டர் நேர்ஸ். ஆள் பற்றாக்குறைக் காலம் என்பதால் வாட்டிலும் ஓடித் திரிய வேண்டும். அவர் எங்கள் சேர்ஜன். செட்டிபாளையம் பக்கத்து ஆள். கிட்டத்தட்ட என் வயதுதான், நாற்பத்தைந்து இருக்கும். குள்ளம், நரைத்த மீசை, எப்போதும் ஒரு பக்கம் தேய்ந்த செருப்பு. பிளேன் டீயில் சீனி போட விடமாட்டார். சீனியை உள்ளங்கையில் கொட்டி, ஒரு நக்கு நக்கி ஒரு மிடறு குடிப்பார். அத்தனை படித்த மனிதர் வாட்டு வாசலில் நின்று கையை நக்குவதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கும். அவருக்கு அப்படி ஒன்றும் இல்லை.

நோயாளி “வயித்துக்குத்து ஐயா” என்பார். “அதுக்கு முன்ன?” “நேத்துக் காய்ச்சல்.” “அதுக்கு முன்ன?” “வட்டையில மழைக்குள்ள நிண்ட.” “அதுக்கு முன்ன?” இப்படியே வயலிலிருந்து வீட்டுக்கு, வீட்டிலிருந்து அடுக்களைக்கு, அடுக்களையிலிருந்து மாமியாரோடு வந்த சண்டைக்கு என்று ஆளைப் பின்னுக்கே கொண்டுபோவார். பத்து மணிக்கு முடிய வேண்டிய ரவுண்ட் பன்னிரண்டு மணிக்கு முடியும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். மாமியார் சண்டையில் ஒரு பெண் கோபத்தில் இரண்டு நாள் சாப்பிடாமல் வெறும் வயிற்றில் வலிக்குளிசை போட்டது அப்படித்தான் வெளியே வந்தது. குடல் புண்ணில் ஓட்டை. அன்றைக்கே தைத்தார்.

ஆஸ்பத்திரிக்கு வெளியிலும் இதே கதைதான். ஒருநாள் கல்லடிப் பாலத்தில் அவருடைய சைக்கிளுக்குக் காற்றுப் போய்விட்டது. ஒட்டுப் போடுகிறவர் ஆணியைக் காட்டியிருக்கிறார். ஆணி இருக்கட்டும், அதற்கு முன்பே டயர் ஏன் மெலிந்தது என்று அரை மணித்தியாலம் விசாரித்தாராம். பெண் பார்க்கப் போன வீட்டிலும் கேட்டிருக்கிறார் என்று ஒரு கதை உலாவியது. பெண்ணுக்கு முன்பு ஒரு சம்பந்தம் வந்து நின்று போயிருந்தது. “அது ஏன் நிண்ட? அதுக்கு முன்ன?” அந்தச் சம்பந்தமும் நின்றது. நானே அவரிடம் கேட்டேன், உண்மையா என்று. “ஓம். ஆனா அந்தப் புள்ள நல்லா விளங்கப்படுத்தின” என்றார். பாராட்டுகிறாராம்!

அந்த மனிதர் ஒரே ஒரு தடவை கேட்காமல் விட்டார்.

சுனாமியென்று கடல் வந்த கிழமை அது. வாட்டில் கட்டிலுக்கு மேலும் ஆள், கட்டிலுக்குக் கீழும் ஆள், வராந்தா நெடுகப் பாய். அவர் கால் கை வெட்டுவதும் காயம் கழுவுவதுமாக நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் ஒரு முகாமிலிருந்து கொண்டுவந்த மனிதர் ஒருவரைப் பாயில் கிடத்தினார்கள். வீட்டில் ஒருவரும் மிஞ்சவில்லை. நெஞ்சில் வலி, மூச்சு இழுத்தது. கடல் தண்ணீர் நுரையீரலுக்குள் போனவர்கள் எல்லாருக்கும் அப்படித்தான் இருந்தது. சேர்ஜன் குனிந்து பார்த்தார், மருந்து எழுதினார், அடுத்த பாய்க்குப் போனார். அந்த மனிதர் மறுநாள் செத்துப்போனார்.

ஒரு கிழமை கழித்து, சேர்ஜனும் நானும் பக்கத்துப் பாய்க்காரருக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்தபோது, அந்தப் பாய்க்காரர் தானாகச் சொன்னார். “பாவம் அந்தாள். ரெண்டு நாள் பட்டினிக்குப் பிறகு சோத்துப் பார்சல் வந்த. அள்ளி அள்ளித் திண்ட. மறுகா சத்தி எடுத்த பாருங்க, குடல் வெளிய வாறமாதிரி. அதோட ‘ஐயோ நெஞ்சு’ எண்டு விழுந்தவர்தான்.”

சேர்ஜன் கத்தரிக்கோலைத் தட்டில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் வாந்தியைச் சத்தி என்போம். முதலில் சத்தி, அதற்குப் பிறகு நெஞ்சு வலி. அந்த வரிசையில் நடந்தால் அது நுரையீரல் இல்லை. பலமாக ஓங்காளித்த வேகத்தில் உணவுக்குழாய் அடிப்பக்கத்தில் கிழிந்து, உண்டது எல்லாம் நெஞ்சறைக்குள் கொட்டிவிட்டது. அரிதாக வருவது. ஒரு நாளுக்குள் நெஞ்சைத் திறந்து தைத்தால் ஆள் பிழைக்க வழியிருக்கிறது, விட்டால் நெஞ்சுக்குள் அழுகத் தொடங்கிவிடும். இதெல்லாம் அவர் அன்றைக்குத் தரையில் இருந்தபடி எனக்குச் சொன்னவை.

“நான் கேக்கல்ல மிஸ்” என்றார். “எல்லாரிட்டயும் கேக்கிற நான், அந்தாளிட்டக் கேக்கல்ல.”

அத்தனை பிணங்களுக்கு நடுவில் இந்த ஒரு பிணத்தைப் பிடித்துக்கொண்டு இவர் இருந்தது எனக்கு விளங்கவில்லை. எரிச்சலாகக்கூட இருந்தது. அதற்குப் பிறகு அவருடைய கேள்விகள் இரண்டு மடங்காயின.

வாகரைப் பக்கத்துச் சண்டை முடிந்து, முகாம்களிலிருந்த சனத்தைத் திரும்பக் குடியேற்றிய வருடம். வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில்களில் சடங்கு. வருடத்தில் ஒரு தரம் கதவு திறந்து, கடைசி நாள் அம்மனைக் குளிரப் பண்ணும் குளுத்தியோடு மூடுவார்கள். குளுத்தி முடிந்த மறுநாள் காலை, மெடிக்கல் வாட்டிலிருந்து ஒரு நோயாளியை எங்களிடம் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வாகரைக்காரர், மீன்பிடி, நாற்பது வயது. முதல் நாள் பின்னேரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். மாரடைப்பென்று பார்த்திருக்கிறார்கள், ஈ.சி.ஜி.யில் ஒன்றும் இல்லை. காலையில் வயிறு பலகையாக இறுகியிருக்க, குடலில் ஓட்டையோ என்று எங்கள் பக்கம் அனுப்பிவிட்டார்கள். கூட மனைவி. கையில் மஞ்சள் நூல், இடுப்பில் முடிச்சோடு ஒரு துணிப் பொட்டலம்.

சேர்ஜன் வயிற்றைத் தொடவில்லை. முதலில் கழுத்தைத்தான் தொட்டார். விரலால் அமத்தினார். என் விரலையும் பிடித்து அங்கே வைத்தார். தோலுக்குக் கீழே பொரிப் பொட்டலத்தை அமத்தினால் நொறுங்குமே, அப்படி நொறுங்கியது. அது காற்று. உள்ளே எங்கேயாவது கிழியாமல் அங்கே காற்று வர நியாயமில்லை.

“தம்பி, நோ எப்ப தொடங்கின?”

“பஸ்ஸில ஐயா.”

“அதுக்கு முன்ன?”

“ஒண்டுமில்ல.”

“சத்தி எடுத்த நீங்களா?”

“இல்ல ஐயா.”

“அதுக்கு முன்ன எங்க இருந்த நீங்க?”

அந்த மனிதரின் முகம் பூட்டிக்கொண்டது. மனைவி என்னைப் பார்த்தாள், பிறகு நிலத்தைப் பார்த்தாள். சேர்ஜன் இன்னும் இரண்டு தரம் கேட்டார். இருவரும் ஊமையானார்கள். நேரம் போய்க்கொண்டிருந்தது. உணவுக்குழாய் கிழிந்ததென்றால் ஏற்கெனவே பதினாறு மணித்தியாலம். கிழியாத ஆளின் நெஞ்சைத் திறந்தால் அதுவும் கொலைதான்.

எனக்குத்தான் அது விளங்கியது. அவரைத் திரைக்கு வெளியே இழுத்துக்கொண்டு போனேன். “சேர், அந்தக் கேள்வியக் கேக்காதீங்க.”

“ஏன்?”

“வாகரை ஆக்கள் சேர். ‘அதுக்கு முன்ன எங்க இருந்த?’ எண்டுதான் ஆமிக்காரன் சென்றியில மறிச்சுக் கேக்கிற. முகாமில கேக்கிற. அதுக்கு மறுமொழி சொன்ன ஆக்கள் சில பேர் திரும்பி வரல்ல. நீங்க கேக்கக்கேக்க அவர் வாயத் திறக்கமாட்டார்.”

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. இருபது வருடமாக அவர் ஆசையாகக் கேட்டுத் திரிந்த கேள்வி, இன்னொருவர் காதில் எப்படி விழும் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. எல்லாவற்றையும் துருவுகிற மனிதருக்கு இது தெரியாமல் போனதை நினைக்க எனக்குக் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது. கெட்ட புத்திதான்.

திரும்பி உள்ளே போய், ஸ்டூலை இழுத்து மனைவிக்குப் பக்கத்தில் இருந்தார். அவள் கையிலிருந்த மஞ்சள் நூலைப் பார்த்தார்.

“குளுத்திக்குப் போன நீங்களா தங்கச்சி? எங்கட ஊரிலயும் அம்மன் கோயில் இரிக்கு. எனக்கு இந்த முறை போகேலாமப் போச்சு. எப்பிடி நடந்த?”

அவள் முகம் கொஞ்சம் திறந்தது. நேர்த்தி என்றாள். சண்டைக்குள்ளிருந்து உயிரோடு வந்தால் மூன்று நாள் விரதமிருந்து குளுத்தி பார்ப்பதாக வேண்டிக்கொண்டார்களாம்.

“மறுகா?” என்றார் அவர். ‘பிறகு’ என்பதற்கு நாங்கள் சொல்லும் சொல். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

“மறுகா அமுது தந்தாங்க. விரதம் முடிச்சு இவர் நல்லாச் சாப்பிட்ட.”

“மறுகா?”

“பஸ் ஏறின. சென்றியில எல்லாரையும் இறக்கி லைனில விட்டாங்க. நல்ல வெயில்.” நிறுத்தினாள்.

“மறுகா தங்கச்சி?”

அவள் கணவனைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். “இவருக்கு ஓங்காளிச்சு வந்த ஐயா. லைன விட்டு விலகினா சுடுவானுகள் எண்டு பயம். அதோட அது அம்மாள்ர சோறு. றோட்டில கொட்டி ஆக்கள் மிதிச்சா அது எங்களுக்குத்தானே பாவம்? ரெண்டு கையாலயும் வாயப் பொத்தி விழுங்கிட்டார். மூண்டு தரம். மூண்டாந் தரந்தான் கத்தின.”

அம்மன் சோற்றில் ஒரு பருக்கைகூடக் காலில் படக்கூடாது என்று சொல்லித்தான் எங்கள் பக்கத்தில் எல்லாரையும் வளர்ப்பார்கள். சத்தி வந்தது என்று டொக்டரிடம் சொல்வதே அவர்களுக்குக் குற்றம். வாயை மூடிக்கொண்டு ஓங்காளித்தால் உள்ளே ஏறிய அழுத்தத்துக்கு வேறு போக்கிடம் இல்லை. உணவுக்குழாய் கிழிந்திருக்கிறது.

இடது விலாவில் ஓட்டை போட்டு வடிகுழாய் ஒன்றை வைத்தோம். போத்தலுக்குள் கலங்கல் தண்ணீர் வந்தது, அதோடு இரண்டு சோற்றுப் பருக்கையும் வந்தது. நுரையீரல் இருக்கிற இடத்திலிருந்து சோறு. நான் போத்தலைத் துணியால் மூடினேன். அவள் பார்க்கக்கூடாது என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது.

கொழும்புக்கு அனுப்பலாமா என்று மயக்க மருந்து டொக்டர் கேட்டார். நெஞ்சுச் சத்திரசிகிச்சைக்கு அங்கேதான் ஆட்கள். “போற வழியிலயே முடிஞ்சிரும்” என்றார் சேர்ஜன். இப்படியொரு ஒப்பரேஷனை அவர் படிக்கிற காலத்தில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். கை கழுவி முடித்தவர், திரும்பவும் முதலிலிருந்து கழுவினார். நான் பார்க்காததுபோல் நின்றேன்.

இடது பக்கம் விலா எலும்புகளுக்கு நடுவே திறந்தார். உள்ளே இருந்ததை எழுதினால் நீங்கள் இன்றைக்குச் சாப்பிடமாட்டீர்கள். வாளி வாளியாகச் சூடு காட்டிய சேலைன் ஊற்றிக் கழுவினோம். உணவுக்குழாயின் அடியில் கிழிசல் தெரிந்தது, இரண்டு விரல் அகலம்கூட இல்லை. நான் தையல் ஊசியை நீட்டினேன்.

“பொறுங்க மிஸ். இது வெளிக் கிழிசல். உள்ளுக்க இதவிட நீளமா இரிக்கும்.”

வெளித்தசையை மேலும் கீழுமாக இன்னும் வெட்டித் திறந்தார். கிழிந்ததைத் தைக்கச் சொன்னால் மேலும் கிழிக்கிறாரே இந்த மனிதர்! ஆனால் உள்தோல் உண்மையிலேயே மேலே போய்க்கொண்டிருந்தது, வெளியே தெரிந்ததைப் போல் இரண்டு மடங்கு. கிழிசல் தொடங்கிய இடம் கண்ணில் படும்வரை அவர் விடவில்லை. அதைக் கண்டபிறகுதான் கையை நீட்டினார். வெளியே தெரிந்ததை மட்டும் தைத்திருந்தால் உள்ளே ஓட்டை அப்படியே இருந்திருக்கும். முதலில் உள்தோல், பிறகு தசை, இரண்டு அடுக்காகத் தைத்தார். அதன் மேல் விலா எலும்புக்கு நடுவிலிருந்து இரத்த ஓட்டத்தோடு எடுத்த தசைத் துண்டு ஒன்றை மூடிக் கட்டினார். நெஞ்சுக்கு இரண்டு வடிகுழாய், சாப்பாட்டுக்குச் சிறுகுடலில் ஒரு குழாய். முடித்தபோது நாலு மணித்தியாலம் ஆகியிருந்தது.

பிறகு காத்திருப்பு. வாயால் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. நாலாம் நாள் காய்ச்சல் ஏறி, ஆறாம் நாள் இறங்கியது. அந்த மூன்று நாளும் சேர்ஜன் கட்டிலடியில் வந்து வந்து நிற்பார். ஒன்றும் கேட்கமாட்டார். மனைவிதான் அவரைக் கேட்பாள், “ஐயா, இவர் தப்புவாரா?” என்று. “பாப்பம் தங்கச்சி” என்பார். பத்தாம் நாள் நீலச் சாயம் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தோம். தையல் ஒழுகினால் போத்தலில் நீலம் வரும். அவர் ஸ்டூலைப் போட்டுப் போத்தலுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். ரவுண்ட் போகவில்லை. டீ கொண்டுபோய்க் கொடுத்தேன், சீனி உள்ளங்கையில் கரைந்தது, நக்க மறந்துவிட்டார். பின்னேரம்வரை போத்தலில் நீலம் வரவில்லை. எனக்கு அழுகை வந்தது. அந்த மனைவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன், வாட்டில் எல்லாரும் பார்க்க.

வீட்டுக்குப் போகிற நாள் அந்த மனிதர் கேட்டார். “ஐயா, இனிச் சத்தி வந்தா என்ன செய்யிற?”

“எடு. ஆர் நிண்டாலும் எடு. அடக்காத.”

“அம்மாள்ர சோறெண்டாலும்?”

“அம்மாள்ர சோறெண்டாலும். அவ கோவிக்கமாட்டா. கோவிச்சா என்னட்ட வரச்சொல்லு.”

வாட்டே சிரித்தது. மனைவி மட்டும் சிரிக்கவில்லை. “சென்றியில ஐயா?”

அவர் கடதாசித் துண்டு ஒன்றை எடுத்துச் சிங்களத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் அடித்தார். நான் வாசித்துச் சொன்னேன். இவருடைய உணவுக்குழாய் கிழிந்து தைக்கப்பட்டிருக்கிறது, வாந்தி வந்தால் தயவுசெய்து வரிசையை விட்டு விலகி எடுக்க விடவும் என்று இருந்தது. அவள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“நீங்க அந்த லைனில நிண்டிருக்கீங்களா ஐயா?”

மரியாதைக் குறைவாக இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவர் நிற்கவில்லை. ஆஸ்பத்திரி வாகனத்திலோ மோட்டார் சைக்கிளிலோ போவார், டொக்டர் என்றதும் கை காட்டி விட்டுவிடுவார்கள். நாங்கள் எல்லாரும் அப்படித்தான்.

“இல்ல” என்றார். அன்று சனிக்கிழமை. ஆஸ்பத்திரி அடையாள அட்டையைக் கழற்றி என் மேசையில் வைத்தார். எல்லாச் சனமும் வைத்திருக்கிற வெறும் ஐடென்டிட்டி கார்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அவர்களோடு வாகரை பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். பாசத்தில் போனாரா, எப்படி இருக்கும் என்று பார்க்கப் போனாரா, என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

திங்கட்கிழமை வந்தார். முகம் வெளிறியிருந்தது. டீயைக் கொடுத்துவிட்டு, “என்ன நடந்த சேர்?” என்றேன்.

“போகேக்க ஒண்டுமில்ல. துண்டக் காட்டவே தேவைப்படல்ல. அவருக்குச் சத்தி வரல்ல.”

“மறுகா?”

“அவங்கட குடிசையில நண்டுக்கறியும் சோறும். வேணாண்டு சொல்லேலாது, திரும்பத் திரும்பப் போட்டாங்க. வரேக்க நான் தனிய. லைனில நிக்கேக்க எனக்கு முன்னால நிண்ட மனிசனத் தனிய எடுத்துக்கொண்டு போனாங்க. அடுத்தது நான். எனக்கு ஓங்காளிச்சு வந்திச்சு.”

“எடுத்த நீங்களா சேர்?”

அவர் உள்ளங்கையிலிருந்த சீனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்ல மிஸ். வாயப் பொத்தி விழுங்கிட்டன்.”